இலையுதிராத நாடுகளின் இலையுதிர் மணம்

ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்காவின் சிறு வாசனைக் கூடங்கள் இலையுதிர்காலத்துக்கென்றே தனித் தைலங்களை வெளியிடுவதும், அவற்றை வாங்குவோர் குளிர் இறங்கும் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மணிக்கட்டிலும் கழுத்தடியிலும் அவற்றையே பூசிக்கொள்வதும் இருபத்தொன்றாம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கங்களாகும். வாசனைத் தைலம் என்று இங்கே குறிக்கப்படுவது, நறுமணச் சரக்குகளைச் சாராயத்தில் கரைக்காமல் எண்ணெயில் கலந்து, துளித்துளியாகத் தோலில் தொட்டுக்கொள்ளும் பொருள். தனித் தயாரிப்பாளர் எனப்படுவோர், பெருநிறுவனம் எதையும் சாராமல் கலவையை வகுப்பது முதல் புட்டியில் அடைப்பது வரை எல்லாவற்றையும் சிறிய அளவில் தாமே செய்துகொள்வோர். காய்ந்த இலை, நனைந்த மண், மரப்புகை, ஆப்பிள், மசாலா சேர்த்த பூசணிப் பலகாரம் ஆகியவற்றின் மணங்களே இத்தைலங்களின் வழக்கமான உள்ளடக்கமாக அமைகின்றன. வழக்கம் அண்மையது என்றாலும் அதன் சரக்குகளின் வரலாறு நீண்டது. அவ்வரலாற்றைத் தொடர்ந்து செல்லும்போது, வடபுலத்து இலையுதிர்காலத்தின் மணம் என்று இன்று ஏற்கப்பட்டிருப்பதில் பெரும்பகுதி, இலையுதிர்காலமே இல்லாத வெப்பமண்டல நாடுகளிலிருந்து கப்பலேறிச் சென்றது என்பது புலனாகிறது.

பருவத்துக்கேற்ப மணத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் ஆசிய நிலப்பரப்பில் மிகத் தொன்மையானது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த இந்திய மரபில், எந்தப் பருவத்தில் எதை உண்பது, எதைப் பூசுவது என்று வகுத்துரைக்கும் ஒழுகலாறு மருத்துவ நூல்களிலேயே இடம்பெற்றது. சரக சம்ஹிதை முன்பனிக்காலத்தில் அகிலைத் தடிப்பாகப் பூசிக்கொள்ளவும் வேனிலில் சந்தனத்தைப் பூசிக் குளிர்ச்சி பெறவும் கூறுகிறது. அகில் வெம்மை தருவது, சந்தனம் தண்மை தருவது என்ற கருத்தே இதற்கு அடிப்படை. தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலம் ஏறக்குறைய மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று கொள்ளும் அதே மாதங்களில் வருகிறது. அக்காலத்தை விரிவாகப் பாடும் நெடுநல்வாடை, தென்னாட்டுச் சந்தனமும் அதை அரைப்பதற்கு வடநாட்டிலிருந்து வந்த வட்டக் கல்லும் பயனின்றிக் கிடப்பதையும், பெண்கள் கூந்தலில் நிறையப் பூச்சூடுவதை விடுத்து அகிற்புகை ஊட்டிக்கொள்வதையும் காட்டுகிறது. அகில் தமிழகத்துக்குக் கடல் வழியாகவும் வந்த பொருள் என்பதைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலிருந்து அறியலாம். கீழ்க்காற்றின் துணையோடு வந்த கப்பல்கள் அகில், பட்டு, சந்தனம், கருப்பூரம் முதலியவற்றைக் கொண்டுவந்ததை அது குறிப்பிடுகிறது. ஆயினும் கூதிரின் மணத்தில் உதிர்ந்த இலைக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டில் கூதிர் மழையின் பருவம். மரங்கள் அப்போது தழைத்து நிற்கும், பெரும்பாலும் மாசியையும் பங்குனியையும் ஒட்டியே இலையுதிர்க்கும்.

மணத்தை எண்ணெயில் பிடித்துவைக்கும் தொழில் பருவத்தோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரம் சிறந்த சான்று. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் தலைநகராக விளங்கிய அந்நகரில் அத்தர் வடிக்கும் முறை இன்றும் பெரும்பாலும் பழைய வடிவிலேயே நடைபெறுகிறது. அத்தர் என்பது மலர், வேர், மண் போன்றவற்றை நீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிப் பெறும் தைலமாகும். 'தேக்' எனப்படும் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் குழைத்துப் பூசி அடைத்து, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியாக ஆவியைப் 'பப்கா' எனப்படும் நீண்ட கழுத்துடைய செம்புக் கலத்துக்குள் செலுத்துவார்கள். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் அக்கலத்திலுள்ள சந்தன எண்ணெய், குளிர்ந்து இறங்கும் ஆவியிலிருந்து மணத்தை ஏற்றுக்கொள்ளும். அடியில் சேரும் நீரை வடித்து மீண்டும் கொப்பரையில் ஊற்றி, மறுநாள் புதுப் பூவோடு இதையே திரும்பச் செய்வதால் எண்ணெயில் மணம் படிப்படியாக ஏறும். சந்தன எண்ணெய் மிக மெதுவாக ஆவியாவதால், தானே எளிதில் பறந்துவிடக்கூடிய பூமணத்தையும் அது பிடித்து நிறுத்துகிறது.

இம்முறையில் பருவத்தைத் தீர்மானித்தவர் தயாரிப்பாளர் அல்லர். நிலமும் செடியும் அதைத் தீர்மானித்தன. ரோஜா இளவேனிலிலும் மல்லிகை கோடையிலும் கொப்பரைக்கு வரும். மழைக்கு முந்திய வறண்ட வாரங்களில் சுட்ட மண்ணை வடித்து 'மிட்டி அத்தர்' எடுப்பார்கள்; முதல் மழையின் மண்வாசனையைத் தைலமாக்கும் இத்தொழிலை, 1964-இல் அம்மணத்துக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பேரும் தாமசும் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினர். மழை ஓய்ந்த சரத் பருவத்தில் இரவில் மலர்ந்து விடியலில் தரையில் உதிரும் பவழமல்லியைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். மணங்களை அணியும் முறையும் இந்த நாட்காட்டியையே பின்பற்றியது: வெட்டிவேரும் ரோஜாவும் வெயிலுக்கு, மண் அத்தர் மழைக்கு, கனத்த மூலிகை அத்தர்கள் குளிருக்கு என்ற பகுப்பு வட இந்திய நகரங்களில் பொதுவழக்காயிற்று. அத்தர் நனைத்த பஞ்சைக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்வதும், குளிர்கால ஆடையின் ஓரத்தில் ஒரு துளி தேய்ப்பதும் அதை அணியும் வழிகள்.

குளிருக்குரிய அத்தர்களுள் தலையாயது 'ஷமாமா'. இது ஒற்றைப் பூவின் அத்தர் அன்று. பலவகை வேர், பட்டை, விதை, பாசி ஆகியவற்றை அடுத்தடுத்து வடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மணமேற்றிப் பெறும் கூட்டுத் தைலம். கல்பாசி, சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஏலம், கிராம்பு, சாதிக்காய், சாதிப்பத்திரி, குங்குமப்பூ முதலியவை இதில் சேரும். அளவும் வரிசையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடுவதோடு வெளியாருக்குச் சொல்லப்படுவதுமில்லை. செட்டிநாட்டுச் சமையலில் மசாலாவுக்கு ஆழம் தரும் அதே கல்பாசிதான் ஷமாமாவுக்கும் ஈரமரத்தின் சாயலைத் தருகிறது. பூஞ்சையும் பாசியும் ஓருடலாக வாழும் இவ்வுயிரினத்தின் மணத்தில் காட்டுத்தரையின் நெடி இருக்கிறது. அதனாலேயே இலையுதிர் காட்டை அறிந்த மேலைநாட்டார் ஒருவர் ஷமாமாவை முகரும்போது தம் நாட்டு அக்டோபரை எளிதில் நினைவுகூர முடிகிறது. இத்தைலத்தை வடிப்பவர்கள் அத்தகைய காட்டைக் கருதி இதைச் செய்யவில்லை. உடலுக்குச் சூடு தரும் சரக்குகளை ஒன்றுகூட்டுவதே அவர்கள் நோக்கமாயிருந்தது.

ஐரோப்பாவில் தைலத்தின் இடத்தைச் சாராயம் படிப்படியாகக் கைப்பற்றியது. தோலில் பட்ட சில நொடிகளில் சாராயம் பறந்து மணத்தை அறையெங்கும் வீசச் செய்கிறது. எண்ணெயோ மணத்தைத் தோலோடு நிறுத்தி, உடற்சூட்டின் அளவுக்கேற்பச் சிறிது சிறிதாக விடுகிறது. 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா நிறுவிய வாசனைநீர்த் தொழிலும், பின்னர் பிரான்சில் பெருகிய வாசனை நிறுவனங்களும் சாராயத்தையே அடிப்படையாகக் கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியல் மூலப்பொருளைப் பருவத்திலிருந்து விடுவித்தது. 1868-இல் பெர்கின் செயற்கையாக உருவாக்கிய கூமரின் உலர்ந்த வைக்கோலின் மணத்தையும், 1874-இல் டீமானும் ஹார்மானும் உருவாக்கிய வனிலின் வனிலாவின் மணத்தையும் ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் தரத் தொடங்கின. பூ எப்போது மலர்கிறது என்பதற்காகத் தொழிற்சாலை காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தபின், ஒரே வாசனைநீரை எல்லா மாதங்களிலும் விற்பதே பெருவணிகத்தின் இயல்பாயிற்று.

ஆயினும் அதே காலத்தில்தான் பின்னாளில் இலையுதிர் மணம் என்று பெயர்பெறவிருந்த சரக்குகள் ஐரோப்பிய மூக்குக்குப் பழகின. அவற்றுள் முதன்மையானது பச்சோலி. தென்கிழக்காசியாவின் வெப்பநாடுகளில் வளரும் இச்செடியின் இலையை உலர்த்திச் சற்றே புளிக்கவைத்து வடித்தால், மண்ணும் பழைய மரமும் கலந்ததொரு கரிய மணம் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளை அந்துப்பூச்சி அரிக்காமலிருக்க இவ்விலையை இடையிட்டு அடுக்கி அனுப்பியதால், பச்சோலி மணமே சால்வை உண்மையானது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 1917-இல் பிரான்சுவா கோத்தி வெளியிட்ட 'ஷீப்ர' என்னும் வாசனைநீர், ஓக் மரத்தில் படரும் பாசியையும் லாப்டனம் என்னும் பிசினையும் பெர்கமாட் எலுமிச்சையின் எண்ணெயோடு இணைத்து ஒரு மணக்குடும்பத்துக்கே பெயர் தந்தது. ஓக் பாசி கல்பாசிக்கு நெருங்கிய உறவுடைய உயிரினமாதலால், கன்னோசியின் ஷமாமாவும் பாரிசின் ஷீப்ரவும் வெவ்வேறு வழிகளில் ஒரே காட்டுத்தரையை அடைந்தன எனலாம். ஓக் பாசி ஐரோப்பியக் காடுகளின் பொருள். இலையுதிர் மணத்தின் சரக்குகளுள் உண்மையாகவே இலையுதிரும் நாட்டைச் சேர்ந்த சிலவற்றுள் அது ஒன்று.

இலையுதிர் மணத்தின் மற்றொரு கிளை சமையலறையிலிருந்து வந்தது. 1796-இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்சின் 'அமெரிக்கன் குக்கரி' என்னும் சமையல் நூல், அறுவடைக்காலப் பூசணியைப் பாலாடை, முட்டை, சர்க்கரையோடு சேர்த்து, சாதிக்காய், சாதிப்பத்திரி, இஞ்சி இட்டுச் செய்யும் பலகாரத்தைக் குறிப்பிடுகிறது. பூசணிக்குத் தனக்கென்று வலுவான மணம் இல்லை. அப்பலகாரத்தின் மணம் முழுவதும் மசாலாவின் மணமே. சாதிக்காய் பண்டாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டது. 1621-இல் டச்சுக் கம்பெனி அத்தீவுகளின் மக்களைக் கொன்றும் அடிமையாக்கியும் அவ்வணிகத்தைத் தனதாக்கிக்கொண்டது. கிராம்பு மொலுக்காஸ் தீவுகளுக்கு உரியது. தமிழகத்தில் இலவங்கப்பட்டை என்றும் ஈழத்தில் கறுவா என்றும் வழங்கும் பட்டை, போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூவரும் அடுத்தடுத்து இலங்கைக் கரையோரத்தைப் பற்றிக்கொள்ள முதற்காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. இவ்வாறு சேர்ந்த சரக்குகளை 1934-இல் மெக்கார்மிக் நிறுவனம் பூசணிப் பலகார மசாலா என்று ஒரே டப்பியில் அடைத்து விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் அதே மசாலாவின் பெயரில் காப்பி வெளியிட்டபின், பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் கலந்த மணம் அமெரிக்கர்களுக்கு இலையுதிர்காலத்தின் முகவரியாகவே ஆகிவிட்டது.

தைலத்தை மீண்டும் தோலுக்குக் கொண்டுவந்தது 1960-களின் எதிர்க்கலாச்சாரம். இந்தியப் பயணமும் ஊதுவத்தியும் பருத்தி ஆடையும் அமெரிக்க இளைஞரிடையே பரவியபோது, பச்சோலி எண்ணெயையும் சந்தன எண்ணெயையும் சிறு புட்டிகளில் வாங்கி நேரே தோலில் பூசிக்கொள்ளும் பழக்கமும் உடன் பரவியது. சாராய வாசனைநீர் பெற்றோர் தலைமுறையின் அங்காடிப் பொருளாகவும், தைலம் அதற்கு மாற்றாகவும் காணப்பட்டன. அக்கால எண்ணெய்கள் பெரும்பாலும் ஒற்றைச் சரக்காகவே விற்கப்பட்டன. அவற்றைக் கலந்து ஒரு காட்சியை, ஒரு மாதத்தை, ஒரு கதையைச் சொல்லவைக்கும் முயற்சி பின்வந்த தலைமுறையினுடையது. 1990-களில் கிறிஸ்டோபர் புரோசியஸ் டிமீட்டர் என்னும் நிறுவனத்துக்காக மண்ணின் மணத்தையே ஒரு வாசனையாக வகுத்தார். பின்னர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர் நிறுவிய தனிக்கூடத்தின் படைப்புகளுள் எரியும் இலைகளின் மணமும் ஒன்று. 2002-இல் லாஸ் ஏஞ்சலசில் எலிசபெத் பேரியல் தோற்றுவித்த பிளாக் ஃபீனிக்ஸ் ஆல்கெமி லேப், எண்ணெயையே முழு அடிப்படையாகக் கொண்டு, ஆண்டுதோறும் ஹாலோவீன் பண்டிகையை ஒட்டிக் குறுகிய காலத்துக்கு மட்டும் கிடைக்கும் தைலத் தொகுதிகளை வெளியிட்டு, பிற சிறு தயாரிப்பாளர்கள் பின்பற்றிய பாதையை வகுத்தது. ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும், இறந்தோர் நினைவோடு தொடர்புடைய பண்டிகை.

சிறு தயாரிப்பாளர்கள் எண்ணெயைத் தேர்ந்ததில் அழகுணர்வுக்கு இணையாக நடைமுறைக் காரணங்களும் இருந்தன. வரியில்லாமல் தொழிலுக்குப் பயன்படுத்தும் சாராயத்தைக் குடிக்க முடியாதவாறு மாற்றியமைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் நிலவும் விதி. வாசனைத் தொழிலுக்குரிய அவ்வகைச் சாராயத்தைக் கையாளுவோருக்குக் கூட்டாட்சி அரசின் அனுமதியும் கணக்கும் தேவைப்படுகின்றன. சாராய வாசனைநீர் தீப்பற்றக்கூடிய சரக்காகக் கருதப்படுவதால் அமெரிக்க அஞ்சல் துறை அதை விமானத்தில் ஏற்றுவதில்லை, வெளிநாட்டுக்கும் ஏற்றுக்கொள்வதில்லை. தைலத்துக்கு இத்தடைகள் இல்லை. வீட்டின் ஓர் அறையில் கலந்து, அஞ்சலில் உலகெங்கும் அனுப்பலாம். சந்தன எண்ணெய் அரிதாகி விலையேறிவிட்டதால் அதற்கு மாற்றாகப் பகுத்த தேங்காய் எண்ணெயும் ஹொஹோபா எண்ணெயும் அடிப்படையாயின. தேங்காய் எண்ணெயிலிருந்து உறையும் பகுதிகளை நீக்கிப் பெறும் பகுத்த எண்ணெய் குளிரிலும் இளகியே இருக்கும், காறல் நெடி ஏறாது, தனக்கென மணமும் கொண்டிராது. அமெரிக்கப் பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதையிலிருந்து கிடைப்பது வேதியியல் முறையில் திரவ மெழுகு. 1970-களின் தொடக்கத்தில் எண்ணெய்த் திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்தபோது அதற்கு மாற்றாக இது பரவியது.

இலையுதிர் தைலம் ஒன்றை வகுப்பவர் உதிர்ந்த இலையை வடித்து அதைப் பெறுவதில்லை. மேப்பிள் இலையிலிருந்தோ ஓக் இலையிலிருந்தோ தொழிலுக்குப் பயன்படும் எண்ணெய் எடுக்கப்படுவதில்லை. பச்சோலியும் வெட்டிவேரும் ஈர மண்ணுக்கும், கிராம்பும் பட்டை இலை எண்ணெயும் சமையலறைக்கும், பிர்ச் மரத்தாரும் ஜூனிபர் மரத்தாரும் புகைக்கும், கூமரின் காய்ந்த புல்லுக்கும், வனிலின் இனிப்புக்கும் நிற்கின்றன. ஆப்பிளுக்கும் உலர்பழத்துக்கும் உரிய சாயலைத் தருவது டமாஸ்கோன் வகைச் சேர்மங்கள். இவற்றுள் முக்கியமான டமாஸ்செனோனைப் பல்கேரிய ரோஜா எண்ணெயில் கண்டறிந்த செய்தியை ஸ்விட்சர்லாந்து வேதியியலார் 1970-இல் வெளியிட்டனர். இச்சேர்மங்கள் கரோட்டினாய்டு என்னும் நிறமிகள் சிதைவதால் உண்டாகின்றன. பச்சையம் மறையும்போது இலையில் மஞ்சளாக வெளிப்படுவதும் அதே கரோட்டினாய்டுகளாதலால், இலையுதிர்காலத்தின் நிறத்துக்கும் இத்தைலங்களின் மணத்துக்கும் உவமைக்கு அப்பாற்பட்ட வேதியியல் உறவு இருக்கிறது.

அணியும் முறையிலும் இவ்வழக்கம் தனக்கெனச் சில நெறிகளை வளர்த்துக்கொண்டுள்ளது. தைலம் தோலின் சூட்டால் மட்டுமே எழுவதால், நாடி துடிக்கும் இடங்களில் ஓரிரு துளி தொட்டால் போதுமானது. குளிர்ந்த காற்றில் அது அணிபவரையும் மிக நெருங்கியவரையும் தவிர வேறு எவரையும் எட்டுவதில்லை. அஞ்சலில் வந்த புட்டியைச் சில வாரங்கள் இருட்டில் வைத்திருந்து பின்னரே பயன்படுத்துவோர் உண்டு. பச்சோலி காலம் செல்லச்செல்ல மென்மையடைவதும், எலுமிச்சை வகை எண்ணெய்கள் மங்குவதும், வனிலின் கலவையின் நிறத்தைக் கருக்கச் செய்வதும் அவ்வழக்கத்துக்கு அடிப்படை. ஒரே தைலத்தின் வெவ்வேறு ஆண்டுப் புட்டிகளைச் சேமித்து ஒப்பிடுவதும் இதன் தொடர்ச்சியே. இலையுதிர் மணத்துக்கு இன்றியமையாத சரக்குகளே தோலுக்கு ஒவ்வாமை தருவனவாகவும் இருப்பது இத்தொழிலின் சிக்கல்: பட்டையின் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜினாலும் அளவறிந்து சேர்க்கப்பட வேண்டியவை; ஓக் பாசியிலுள்ள அட்ரனோல், குளோரோ அட்ரனோல் என்னும் இரண்டு சேர்மங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்ததால், அவை நீக்கப்பட்ட பாசிச்சாறே இப்போது அங்கு புழக்கத்தில் உள்ளது.

கன்னோசியின் நிலை இச்சிறு தயாரிப்பாளர்களின் வளர்ச்சிக்கு நேர்மாறான திசையில் சென்றது. 1991-இல் மத்திய அரசு அங்கு நறுமண, சுவைப்பொருள் வளர்ச்சி மையத்தை நிறுவியபோதிலும், சந்தன எண்ணெயின் விலையேற்றத்தால் பல கூடங்கள் மணமற்ற பாரஃபின் எண்ணெய்க்கு மாறின. வடிக்கப்படும் அத்தரில் பெரும்பகுதி தோலுக்கு வராமல் பான் மசாலா, புகையிலைத் தொழில்களுக்குச் செல்லலாயிற்று. பருவத்தைத் தவறாமல் பின்பற்றிய தொழில் அணிபவரை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பருவத்தைக் கற்பனையால் வகுத்துக்கொண்ட தொழில் அணிபவரைத் திரட்டியது. அக்டோபரிலும் வெயில் தணியாத லாஸ் ஏஞ்சலசில் கலக்கப்பட்ட இலையுதிர் தைலம், இந்தோனேசியப் பச்சோலியையும் இலங்கைப் பட்டையையும் வெட்டிவேரையும் தேங்காயின் எண்ணெயில் சுமந்து செல்கிறது. இம்மணத்தை விளைவித்த நாடுகளில் அது மழைக்கோ உணவுக்கோ மருந்துக்கோ உரியதாக இருந்தது. அதை இலையுதிர்காலத்துக்கு உரியதாக்கியது, முந்நூறு ஆண்டுக் கடல் வணிகமும் அவ்வணிகம் வடபுலத்து அடுக்களைகளிலும் சால்வைப் பெட்டிகளிலும் விட்டுச்சென்ற நினைவுமேயாகும்.